வற்றத்தை எண்ணிக் கட்டும் கயிறு

எங்கள் படகின் அணியத்தில், அதாவது முன்புறத்தில், கயிறு கட்டும் இடப்பக்கக் கிளீட்டின் அடியில், விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஃபைபர் பூச்சு வைத்து அடைத்து, தேய்த்து, வண்ணமும் பூசியாயிற்று. ஆனாலும் வெயில் சாய்வாக விழும்போது அந்த இடம் மட்டும் சற்றுப் புடைத்துத் தெரியும். படகில் புதிதாக ஏறுபவர்கள் அதைக் கவனித்துக் கேட்டால், கயிற்றை மிகவும் பத்திரமாகக் கட்டியதால் வந்தது என்று சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சொல்வது உண்மை.

நண்பர்கள் மூவர் சேர்ந்து வாங்கிய 6 மீட்டர் நீளப் படகு அது. பின்புறம் ஒற்றை இயந்திரம், நடுவில் சுக்கான் மேடை, அதற்கு மேல் வெயிலுக்கு ஒரு கூரை. எரிபொருளும் மீன்பிடிச் சாமான்களும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். சிங்கப்பூரில் இயந்திரம் பொருத்திய உல்லாசப் படகை ஓட்டுவதற்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும். பாடத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். நான் இரண்டிலும் முதல் முறையிலேயே தேறியவன். துறையில் படகை அணைப்பதைப் பயிற்சியில் பலமுறை செய்திருந்ததால், அதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றே நம்பியிருந்தேன். நான் பயின்றதெல்லாம் மிதவைத் துறையில்தான் என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் முதலில் விளக்க வேண்டும். மரினாக்களில் உள்ள மிதவைத் துறைகள், கடலடியில் ஊன்றிய தூண்களைப் பற்றிக்கொண்டு நீரோடு ஏறி இறங்குபவை. படகும் ஏறும், அது கட்டப்பட்டிருக்கும் பலகையும் ஏறும். இரண்டுக்கும் இடையே உள்ள உயரம் நாள் முழுவதும் மாறாது. ஆகவே அங்கே குட்டையான கயிற்றைக் கொண்டு இறுக்கிக் கட்டினாலும் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. நிலையான துறையோ, அது பழைய மரத்துறையாக இருந்தாலும் கான்கிரீட் துறையாக இருந்தாலும், கரையைப்போல் அசையாமல் நிற்கும். நீர் மட்டும் அதன் கால்களில் ஏறி இறங்கும். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலில் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உச்ச ஏற்றத்துக்கும் கடை வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 3 மீட்டர் வேறுபாடு வரும். ஒரு வீட்டின் தரைக்கும் கூரைக்கும் உள்ள உயரம் அது. அந்த உயரத்தை ஆறு மணி நேரத்தில் படகு இறங்கிக் கடக்கிறது, அதைக் கட்டியவர் எங்கோ உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

நானும் அன்று சாப்பிடத்தான் போயிருந்தேன். வடகிழக்குக் கரையோரம் ஒரு கான்கிரீட் துறையில், காலை ஏற்றம் உச்சத்தில் இருந்தபோது படகை அணைத்தோம். படகின் மேல்விளிம்பும் துறையின் தளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தன. வயதான என் மாமாகூடக் கைப்பிடி இல்லாமல் ஏறி இறங்கினார். முன்புறத்திலிருந்து ஒரு கயிறு, பின்புறத்திலிருந்து ஒரு கயிறு, இரண்டும் நேர் எதிரே இருந்த கட்டுக்குற்றிகளுக்கு. ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால் அதிகம். படகு சிறிதும் ஆடாமல் துறையோடு ஒட்டிக்கொண்டு நின்றதைக் கண்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, கயிறுகளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்த ஒரு மணி நேரம்தான் என்னை ஏமாற்றியது. நீர் ஒரே வேகத்தில் வற்றுவதில்லை. கடலோடிகள் கையாளும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஏற்றத்திலிருந்து வற்றம்வரை உள்ள மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என நீர் இறங்கும். நம் கடலின் ஏற்றவற்றம் ஒவ்வொரு நாளும் சீராக இருப்பதில்லை என்பதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கைக் காட்டும். அன்றைய மொத்த இறக்கம் ஏறத்தாழ 2.4 மீட்டர். அப்படியானால் நான் நின்று பார்த்த முதல் மணி நேரத்தில் நீர் இறங்கியது 20 சென்டிமீட்டர் மட்டுமே. நான் போன பிறகான மூன்று மணி நேரத்தில் அது 1.6 மீட்டர் இறங்கியது.

திரும்பி வந்தபோது படகு மிதக்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. துறைப்பக்கம் உயர்ந்து, கடல்பக்கம் தாழ்ந்து, உள்ளே இருந்த ஐஸ் பெட்டியும் தூண்டில்களும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கயிறுகள் இரும்புக் கம்பிகளைப்போல் விறைத்திருந்தன. அணியத்துக் கிளீட்டின் ஒரு பக்கம் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டு எழும்பியிருந்தது. நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அத்தனை பாரம் தொங்கும் கயிற்றின் முடிச்சு இளகவே இல்லை. பிறகு எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு நேரே குனிந்தேன்.

பக்கத்துப் படகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் கத்திய கத்தலில் அப்படியே நின்றேன். பாக்சிக் (மலாயில் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்) நிதானமாக வந்தார். முதலில் எங்கள் எல்லாரையும் கயிறு நீளும் திசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னார். இழுபட்டு நிற்கும் நைலான் கயிறு, அறுந்தால் சாட்டையைப்போல் தான் வந்த வழியே திரும்பி அடிக்கும். எலும்பை முறிக்கும் வேகம் அதற்கு உண்டு. படகுக்குள் ஆளோ, படகுக்கும் துறைக்கும் இடையே கையோ காலோ இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார். தளர்வாக ஒரு நீண்ட கயிற்றைத் தனியாகப் படகில் மாட்டிக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றி, படகு விழுந்தபின் ஓடிவிடாமலிருக்க அதை என் கையில் கொடுத்தார். பிறகு ஒரு நீண்ட கழியின் நுனியில் கத்தியைக் கட்டி, பக்கவாட்டில் நின்றுகொண்டு, பின்கயிற்றை இழை இழையாக அறுத்தார், அடுத்து முன்கயிற்றை. படகு தண்ணீரில் விழுந்த ஓசை கேட்டு உணவுக்கடையிலிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இது மாடா, இப்படிக் கட்டிவைத்துவிட்டுப் போக?

உண்மையில் மாட்டைக் கட்டுபவர் என்னைவிட அறிவோடு கட்டுகிறார். தறியைச் சுற்றி அது மேயவும் படுக்கவும் வேண்டும் என்பதை நினைத்துக் கயிற்றின் நீளத்தைத் தீர்மானிக்கிறார். நானோ படகு நின்ற நிலையை மட்டும் பார்த்தேன். அது போகவிருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் முக்கோணம் வரைந்து பார்த்தபோதுதான், கயிற்றைத் தளர்த்திக் கட்டுவதைவிட நீளமாகக் கட்டுவதே முதன்மை என்பது எனக்கு விளங்கியது. ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள குற்றியில் கட்டிய படகு 1.8 மீட்டர் இறங்கினால், அந்தக் கயிறு 2.34 மீட்டர் நீளம் இருந்தாக வேண்டும். அதாவது 84 சென்டிமீட்டர் கூடுதல். அதை முன்கூட்டியே தளர்வாக விட்டால், ஏற்றத்தின்போது படகு துறையைவிட்டு முக்கால் மீட்டருக்கு மேல் விலகி அலையும். அதே படகை 6 மீட்டர் தொலைவிலுள்ள குற்றிக்குக் கட்டியிருந்தால், அதே 1.8 மீட்டர் இறக்கத்துக்குத் தேவைப்படும் கூடுதல் நீளம் 26 சென்டிமீட்டர் மட்டுமே. அதைக் கயிற்றின் இயல்பான தொய்வே கொடுத்துவிடும். பள்ளியில் செங்கோண முக்கோணத்தை இதற்காகத்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்று யாரேனும் அன்றைக்கே சொல்லியிருந்தால், நான் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் மதித்திருப்பேன்.

இதை என் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் முக்கோணத்தைப் பார்க்கவே இல்லை. கிளிஃபர்ட் துறையிலிருந்து கப்பல்களுக்கு ஆள்களை ஏற்றிச்செல்லும் லஞ்ச் எனும் இயந்திரப் படகுகளில் வேலை பார்த்தவர் அவர். 1933இல் திறக்கப்பட்ட அந்தத் துறை 2006இல் மூடப்பட்டு, படகுப் போக்குவரத்து மரினா சவுத் துறைக்கு மாறியபோது அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் திதியைப் பார்த்துவிட்டுத்தான் போவார் என்று பெரியம்மா சொல்வார். அது பக்தி என்று நாங்கள் நினைத்திருந்தோம். அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாள்களை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அட்டமி, நவமியை ஒட்டிக் குறைவாக. அவருக்கு அது வேலைக்கான கணக்கு. இப்போது ஏற்றவற்ற அட்டவணை கைப்பேசியிலேயே கிடைக்கிறது. நான் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் அட்டவணையைத் திறக்குமுன்பே அன்று எப்படிப்பட்ட நாள் என்பதை நிலாவைக் கொண்டு ஊகித்துக்கொள்ளும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. சிங்கப்பூர் ஆற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரக்கு ஏற்றிய தொங்காங் படகுகளைச் செலுத்தியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள், சூலியாக்கள் என்று அழைக்கப்பட்டவர்கள், முக்கியமானவர்கள். அவர்கள் காலத்தில் அந்த ஆறும் கடலோடு சேர்ந்து ஏறி வற்றியது. சரக்குப் படகுகள் 1983இல் ஆற்றைவிட்டு பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு ஆற்றுநீர் ஏற்றவற்றத்திலிருந்து பிரிந்துவிட்டது. ஆகவே இன்று கிளார்க் கீயில் நிற்கும் சுற்றுலாப் படகின் கயிற்றைப் பார்த்துக் கட்டும் முறையைக் கற்றுக்கொண்டு அதைக் கடலோரச் சாங்கியில் செய்து பார்த்தால், என் கதைதான் நடக்கும்.

பெரியப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முறையில் நான்கு கயிறுகள் உண்டு. அணியத்திலிருந்து முன்னோக்கிச் சாய்வாகப் போகும் ஒன்று, பின்புறத்திலிருந்து பின்னோக்கிச் சாய்வாகப் போகும் ஒன்று. இவை தலைக்கயிறும் வால்கயிறும். இவை இரண்டையும் எல்லாரும் கட்டுவார்கள். பலர் விட்டுவிடுவது மற்ற இரண்டை. அணியத்திலிருந்து பின்னோக்கி, துறையின் ஓரமாகவே நீளும் ஒரு கயிறு. பின்புறத்திலிருந்து முன்னோக்கி நீளும் இன்னொரு கயிறு. படகோட்டிகள் ஸ்பிரிங் என்று சொல்லும் இவ்விரண்டும் படகின் பக்கவாட்டில் குறுக்காக ஒன்றையொன்று கடந்து செல்லும். முதலாவது, படகு முன்னே போகாமல் தடுக்கும். இரண்டாவது, பின்னே போகாமல் தடுக்கும். இவை ஏறக்குறைய படகின் நீளத்துக்கு இருப்பதால், மேலே சொன்ன முக்கோணக் கணக்கின்படி, நீர் இறங்கும்போது மிகக் குறைவாகவே இறுகும். ஏற்றவற்றம் பெரிதாக உள்ள நிலையான துறையில் படகைத் தன் இடத்தில் உண்மையாகப் பிடித்துவைப்பவை இவைதாம். தலைக்கயிறும் வால்கயிறும் சற்றுத் தொய்வாக இருக்கலாம். ஸ்பிரிங் கயிறுகள் ஒழுங்காக இருந்தால் படகு எங்கும் போகாது. நேர் எதிர்க்குற்றிக்குக் குட்டையாகக் கட்டும் குறுக்குக் கயிறு, நிலையான துறையில் ஆள் ஏறி இறங்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே உரியது.

அணைக்கும்போதும் இதே கயிறுதான் கைகொடுக்கிறது. சாங்கியிலிருந்து பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு உபின் தீவுக்குப் போகும் பம்போட்டுகளில் சென்றவர்கள், ஓட்டுநர் துறையை நெருங்கும் விதத்தைக் கவனித்திருக்கலாம். பக்கங்களில் பழைய டயர்கள் வரிசையாகத் தொங்கும்; ஓர் ஒற்றைக் கயிறு குற்றியில் விழும்; அதன்பின் இயந்திரத்தை அணைக்காமல் மெதுவாக முன்னோக்கி உந்தியபடி வைத்திருப்பார். முன்னே போகப் பார்க்கும் படகைக் கயிறு பிடிக்க, அந்த இழுப்பே படகைத் துறையோடு சேர்த்து அழுத்திவிடும். நாங்கள் இருவரோ மூவரோ மட்டும் போகும் நாள்களில் இதையேதான் செய்கிறோம். படகின் நடுவில் உள்ள கிளீட்டிலிருந்து ஒரு கயிற்றைத் துறையில் சற்றுப் பின்னால் உள்ள குற்றிக்குப் போட்டுவிட்டு, சுக்கானைத் துறைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, இயந்திரத்தை மிகக் குறைந்த வேகத்தில் முன்னோக்கி விட்டால், படகு முழுநீளமும் துறையில் ஒட்டிக்கொள்ளும். மற்ற மூன்று கயிறுகளையும் அவசரமில்லாமல் கட்டலாம். எல்லாம் கட்டிமுடித்த பின்புதான் இயந்திரத்தை நிறுத்துவது. முதல் கயிறு விழுந்தவுடனே சாவியைத் திருப்பிவிடும் ஆசை எனக்கு இன்னும் வருகிறது.

நெருங்கும் வேகத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை: நடந்து போகும் வேகத்தைவிடக் குறைவாக. காற்று, நீரோட்டம் இரண்டில் எது வலுவாக இருக்கிறதோ அதை எதிர்த்து வர வேண்டும். அப்போது இயந்திரத்தைத் தளர்த்தினாலே படகு நிற்கும். கயிறுகளும், மோதலைத் தாங்கப் படகின் பக்கத்தில் தொங்கவிடும் ஃபெண்டர்களும் துறைக்கு ஐம்பது மீட்டருக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். துறைக்குத் தாவக் கூடாது. கால் எட்டும் தூரம் வந்தபின் அடியெடுத்து வைத்தால் போதும். மோதிவிடப் போகிறது என்று தோன்றினால், விருந்தினர்கள் எல்லாரும் அனிச்சையாகக் காலை நீட்டுவார்கள். ஒரு டன் எடையைக் கணுக்காலால் நிறுத்த முடியாது என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுகிறேன், சற்றுக் கண்டிப்பாகவே. படகு மோதட்டும், ஃபைபர் பூச்சை வாளியில் வாங்கலாம்.

கட்டும் முறைக்கு வருகிறேன். கிளீட் என்பது மாட்டுக் கொம்புபோல் இருபுறமும் நீண்ட உலோகக் கட்டை. கயிற்றை முதலில் தொலைவிலுள்ள கொம்பின் அடிவழியாகக் கொண்டுபோய் அடிப்பாகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு 8 என்ற இலக்கத்தைப் போல் கொம்புகளின்மேல் ஒன்றிரண்டு முறை குறுக்காக இட்டு, கடைசிக் கண்ணியை மட்டும் திருப்பிப் போட்டுப் பூட்ட வேண்டும். சுமையைத் தாங்குவது அந்த அடிச் சுற்று. மேலே உள்ளவை அது நழுவாமல் காப்பவை. இதன் அருமை, கயிறு எவ்வளவு இறுகியிருந்தாலும் மேல்சுற்றுகளை எடுத்துவிட்டு, அடிச் சுற்றின் உராய்வைக் கொண்டு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிட முடியும் என்பதில் இருக்கிறது. அன்று நான் கயிற்றின் முனையைக் குற்றியில் முடிச்சாகப் போட்டு, படகுப் பக்கத்திலும் மேலே மேலே ஐந்தாறு முடிச்சுகள் போட்டிருந்தேன். கட்டத் தெரியாதவன்தான் அதிகம் கட்டுவான் என்று பெரியப்பா சொல்லிச் சிரித்தார். இப்போது எங்கள் கயிறுகளின் ஒரு முனையில் பின்னிச் சேர்த்த நிலையான கண், அதாவது வளையம், இருக்கிறது. அது துறைக்குப் போகும். நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய மறுமுனை எப்போதும் படகில், கிளீட்டில். முடிச்சு கயிற்றின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்கூடக் குறைத்துவிடும். நன்றாகப் பின்னிய கண் மிகக் கொஞ்சமே குறைக்கும்.

பொதுத் துறையில் ஒரே குற்றியில் இரண்டு மூன்று படகுகளின் கயிறுகள் விழும். பின்னால் வருபவர் தம் கண்ணை மற்றவருடையதன்மேல் அப்படியே மாட்டிவிட்டால், முதலில் வந்தவர் கிளம்ப முடியாமல் நிற்பார். நம் கண்ணை முதல் கயிற்றின் கண்ணுக்குள் கீழிருந்து நுழைத்து மேலே கொண்டுவந்து குற்றியில் மாட்டினால், யார் வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் கழற்றிக்கொள்ளலாம். இதைப் பாக்சிக்தான் காட்டினார். துறையில் ஒருவரின் பண்பை நான் இப்போது இதைக் கொண்டே எடைபோடுகிறேன்.

கயிற்றின் வகை பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இரும்புச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற, பச்சை நிறப் பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும், இலகுவாக இருக்கும், சுழல்விசிறியில் சிக்குவது குறைவு. ஆனால் நம் வெயிலில் அது விரைவில் பொடிந்து, கையில் முள்ளாகக் குத்தத் தொடங்கும். படகைக் கட்ட நைலான்தான் பொருத்தம், ஏனென்றால் அது நீளும். அலை இழுக்கும்போது சற்று விட்டுக்கொடுத்துத் திரும்ப இழுத்துக்கொள்ளும் அந்தக் குணம் இல்லாவிட்டால், ஒவ்வொரு இழுப்பும் கிளீட்டின் அடியில் சுத்தியலடியாக விழும். தென்தீவுகளின் துறைகளில் இது நன்றாகத் தெரியும்: பாத்தாம் தீவுக்குப் போகும் படகு கடந்து போய்ச் சில நிமிடங்கள் கழித்து, அது போனதையே மறந்த நேரத்தில், அதன் அலை வந்து நிற்கும் படகுகளை எல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கும்.

கயிறு மொத்தமாக அறுந்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது என்பதை ஒரு கணக்கு காட்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. எங்கள் படகின் பக்கவாட்டுப் பரப்பு, கூரையின் துணித்தட்டியும் சேர்த்து, ஏறக்குறைய 6 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதன்மேல் நேராக அடித்தால் கிட்டத்தட்ட 37 கிலோ எடைக்குச் சமமான விசை. 72 கிலோமீட்டரானால் 150 கிலோ. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், மேற்கிலிருந்து வரும் சுமத்ரா புயற்காற்று 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. 2024 செப்டம்பரில் மரங்களைச் சாய்த்த காற்று தெங்காவில் 83 கிலோமீட்டரைத் தொட்டது. 1984 ஏப்ரலில் அங்கே பதிவான 144 கிலோமீட்டர்தான் சிங்கப்பூரின் உச்சம். 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு, புதிதாக இருக்கும்போது, இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். ஆகவே காற்று கயிற்றை நேரடியாக அறுப்பது அரிது. கயிறு தேய்ந்துதான் போகிறது, துறையின் கூரான கான்கிரீட் விளிம்பில், சிப்பி ஒட்டிய தூணில், படகின் விளிம்பில். அங்கெல்லாம் ஒரு துண்டு ரப்பர் குழாயையோ பழைய தீயணைப்புக் குழாய்த் துணியையோ உறையாக மாட்ட வேண்டும். அந்த உறையும் நகர்ந்துவிடாமல் கட்ட வேண்டும். அடுத்துப் பிய்ந்து வருவது கிளீட். எங்கள் கிளீட்டின் அடியில் தளத்துக்குக் கீழே வெறும் வாஷர்கள்தாம் இருந்தன என்பதை அன்று அது எழும்பிய பின்புதான் பார்த்தோம். இப்போது ஒவ்வொரு கிளீட்டுக்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு இருக்கிறது.

வற்றத்தில் கட்டுபவருக்கு வேறொரு ஆபத்து உண்டு. தொங்குவதைவிட அது மோசமானது. நீர் கீழே இருக்கும்போது படகின் விளிம்பு துறைத்தளத்தின் அடியில் நுழைந்துகொள்ளலாம். ஏற்றம் வரும்போது மேலே கான்கிரீட், கீழே உயரும் நீர். இடையில் மாட்டிய படகு சாய்ந்து, நீர் புகுந்து, கட்டிய இடத்திலேயே மூழ்கும். தூண்களுக்கு நடுவே ஃபெண்டர்கள் வெற்றிடத்தில் தொங்குவதால் அவற்றால் பயன் இல்லை. இரண்டு ஃபெண்டர்களுக்கு வெளியே ஒரு நீண்ட பலகையைக் குறுக்காகத் தொங்கவிட்டால், அந்தப் பலகை தூண்களில் சாய்ந்து ஏறி இறங்கும். படகு உள்ளே போகாது. நாங்கள் பழைய சாரக்கட்டுப் பலகை ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறோம். படகில் அது எப்போதும் யாருடைய காலையாவது இடறிக்கொண்டுதான் கிடக்கிறது.

மழையையும் சொல்ல வேண்டும். திறந்த படகின் பரப்பு 10 சதுர மீட்டர் என்றால், 100 மில்லிமீட்டர் மழை அதில் ஒரு டன் நீரைக் கொட்டும். நீர் தானே வடியும் துளைகளில் இலை அடைத்து, அடித்தட்டுப் பம்பின் மின்கலமும் தீர்ந்துவிட்டால், மிக நேர்த்தியாகக் கட்டிய படகும் கயிறுகளோடு சேர்ந்து அமிழ்ந்து நிற்கும். சில நாள்களுக்கு விட்டுப் போவதென்றால், கயிறுகளைத் தொட்டுப் பார்ப்பதோடு அந்தத் துளைகளிலும் விரலை விட்டுப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு இடி கேட்டு விழித்தேன். அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் துணிக்கழிகள் உருண்டுகொண்டிருந்தன. காற்று மேற்கிலிருந்து. மனைவி, படகைப் பார்க்கத்தானே யோசிக்கிறீர்கள், விடிந்தபிறகு போங்கள் என்றார். ஏழரை மணிக்கு நான் போனபோது மழை தூறலாகியிருந்தது. மிதவைத் துறையில் படகு தன் இடத்தில் நின்றது. ஆனால் வால்கயிற்றின் ரப்பர் உறை கட்டவிழ்ந்து ஒரு முழம் நகர்ந்து, விளிம்பில் உரசிய இடத்தில் மூன்று புரிகளில் ஒன்று முழுதாகத் தேய்ந்திருந்தது. உறையைக் கட்டியவன் நான்தான். புதுக் கயிற்றைப் போட்டுவிட்டு, பழையதில் தேய்ந்த பகுதியை வெட்டி எறிந்தேன். மிஞ்சிய நான்கு மீட்டரில் இரண்டு துண்டுகள் இப்போது ஃபெண்டர்களைத் தாங்குகின்றன. மூன்றாவதால் அந்தச் சாரக்கட்டுப் பலகையைக் காலில் இடறாதபடி கூரைக்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.